மிக்ஸி ஓடும்போது கேட்குமா?

எல்லோருக்கும் வணக்கம். நம் குரலை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாத ஒரு குரல் உதவியாளரை நாமே செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். செய்முறை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. முடியுமா முடியாதா என்றே தெரியாத வேலைக்கு எப்படித் திட்டம் போடுவது என்பதைத்தான் நான் பேசப் போகிறேன்.

எதற்குச் சொந்தமாக என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமேசானின் எக்கோ என்ற குரல் கருவிகளில் சிலவற்றில் 'குரல் பதிவை அனுப்பாதே' என்று ஒரு வசதி இருந்தது. 2025 மார்ச் 28-இல் அமேசான் அதை எடுத்துவிட்டது. அவ்வளவுதான், மேலே போவோம்.

இந்த வேலையில் ஐந்து கண்ணிகள். 'அலெக்ஸா' மாதிரி கூப்பிடும் பெயரைப் பிடிக்க வேண்டும், பேச்சை எழுத்தாக்க வேண்டும், கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டும், லைட்டைப் போட வேண்டும், பதில் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எங்கே தொடங்குவார்கள்? லைட்டில்! ரிலே என்ற மின்சுவிட்ச் வாங்கி, ஒயர் இழுத்து, மொபைலில் தட்டினால் லைட் எரியும். "பாதி முடிஞ்சுது" என்பார்கள். லைட் எரியும் என்பது நேற்றே தெரியுமே ஐயா, அதில் என்ன பாதி?

தெரியாதது காதுப் பக்கம் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, டிவியில் சீரியல் அழுகிறது. நடுவே எட்டடி தள்ளி நின்று அம்மா சொல்வது அதற்குக் கேட்குமா? பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலை 6,80,000 மணிநேர ஒலியில் பயிற்றுவித்து 2022-இல் வெளியிட்டார்கள். அதற்கும் ஒரு வியாதி உண்டு. யாருமே பேசாத ஒலியைக் கொடுத்தால் சில நேரம் 'பார்த்ததற்கு நன்றி' என்று வீடியோக்காரர் மாதிரி எழுதிவைக்கும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகையில் ஓட்டினால் ஒரு கட்டளைக்கு எட்டு வினாடி போல ஆகும். அதற்குள் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டுவிடலாம்.

வீட்டுக் கருவிகளை இயக்கும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு, ஹோம் அசிஸ்டென்ட். அதன் குழு 2023-ஐக் குரலுக்கான ஆண்டு என்று அறிவித்தது. முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? தட்டச்சு! கட்டளை புரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அடுத்து, பழைய லேண்ட்லைன் போனை ஒரு அடாப்டரில் மாட்டினார்கள். ரிசீவரை எடுத்தால் கேட்கத் தொடங்கும், கூப்பிடப் பெயரே வேண்டாம். மைக் வாயோடு ஒட்டியிருக்கிறது, அறைச் சத்தமும் பெரிய தொல்லை இல்லை. இரண்டு பெரிய சந்தேகங்களைத் தள்ளிவைத்துவிட்டு மிச்சத்தைச் சோதித்தார்கள். கூப்பிடும் பெயர் அக்டோபரில் வந்தது. சொந்தக் கருவி 2024 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் போன்தான்.

இதற்கு நேர்மாறு, குரல் உதவியாளர் செய்த மைக்ராஃப்ட் நிறுவனம். 2018-இல், பொதுமக்களிடம் முன்பணம் வாங்கும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டியது. புதுப் பெட்டி, திரை, மைக், மென்பொருள், தேதி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்குக் கொடுத்தது. பணம் கொடுத்தும் கருவி கிடைக்காமல் மிச்சமிருந்தவர்களுக்கு அதைத் தர முடியாது என்று 2023-இல் கைவிரித்தது. காப்புரிமை வழக்கு ஒன்றும் அவர்கள் பணத்தைத் தின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சந்தேகமான நாலு விஷயத்துக்கு ஒரே தேதி குறித்தால், ஒன்று சறுக்கினாலும் நாலும் நிற்கும்.

ஆகவே உங்கள் திட்டத்தில் தேதிக்குப் பதில் கேள்வியை எழுதுங்கள். 'மிக்ஸி ஓடும்போது பத்துக்கு எட்டு முறை கேட்கிறதா?' பக்கத்தில் ஒரு வரம்பு: இரண்டு சனிக்கிழமை, மூவாயிரம் ரூபாய். வரம்பு தீர்ந்தும் பதில் 'இல்லை' என்றால், கேள்வியைச் சுருக்குங்கள். என்ன சொன்னாலும் புரிய வேண்டாம், முப்பது வாக்கியம் புரிந்தால் போதும் என்று வையுங்கள். அதற்கென்றே ஸ்பீச்-டு-ஃப்ரேஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. குறித்துக் கொடுத்த வாக்கியங்களை மட்டும் தேடுவதால் சின்னப் பலகையிலும் சட்டென்று ஓடும்.

தமிழுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 'விளக்கை அணைக்கவும்' என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? 'லைட்ட ஆஃப் பண்ணு' என்பார் ஒருவர், 'லைட்ட அமத்து' என்பார் இன்னொருவர், யாழ்ப்பாணத்துக்காரர் 'லைற்றை நூருங்கோ' என்பார். அதனால் கருவி வாங்கும் முன், வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சாதாரணமாகச் சொல்வதை ஒரு வாரம் மொபைலில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை மடிக்கணினியில் விஸ்பருக்குக் கொடுத்துப் பாருங்கள். காலணா செலவில்லை. எது வாங்கலாம் என்ற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.