முகாம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

வணக்கம் நண்பர்களே. இலவச மருத்துவ முகாம் நடந்தது என்று ஒரு படம் வரும். பின்னால் பேனர், முன்னால் பிரமுகர்கள், ஓரத்தில் 'ஐந்நூறு பேர் பயனடைந்தனர்' என்று ஒரு வரி. அந்த வரியை நான் நம்புவதில்லை. பொய் என்று சொல்லவில்லை. அது வந்துபோனவர்களின் கணக்கு, அவ்வளவுதான். கண்ணில் புரை இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்களே, அவர்களில் எத்தனை பேர் பிறகு அறுவை சிகிச்சைக்குப் போனார்கள்? அதைக் கேட்டால் முகாம் நடத்தியவர்களிடமே பெரும்பாலும் பதில் இருக்காது.

இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்ட ஒரு மருத்துவமனை உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமங்களில் முகாம் போட்டு, இலவசமாகப் பரிசோதித்து, அறுவை சிகிச்சையும் இலவசம் என்றார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், காரணங்கள் எல்லாம் மருத்துவத்துக்கு வெளியே கிடந்தன. பஸ்ஸுக்குக் காசு இல்லை, துணைக்கு வர ஆள் இல்லை, கூட வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும், இந்த வயதில் கண் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு வேறு. எனவே முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்பவர்களின் எண்ணிக்கை ஏறியது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் காணொளியை எடுத்திருக்க மாட்டேன். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த கிராமங்களில் கண் பிரச்சினை உள்ளவர்களைத் தேடிப் போய் எண்ணிப் பார்த்தது. முகாமுக்கு வந்திருந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை! பஸ், சாப்பாடு, இலவச சிகிச்சை எல்லாம் இருந்தும் இதுதான் நிலைமை. முகாம் என்பது ஒருநாள் கூத்து. அன்று காய்ச்சல் என்றாலோ, வயலில் வேலை என்றாலோ தவறிவிடும். வேறு நிறுவனமாக இருந்தால் அந்த ஆய்வை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும். இவர்கள் அடுத்த சில ஆண்டுகளில், எப்போதும் திறந்திருக்கும் சிறிய கண் பரிசோதனை மையங்களை ஊர்களுக்குப் பக்கத்திலேயே அமைக்கத் தொடங்கினார்கள். அங்கே டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து அனுப்புவார். நகரத்திலிருக்கும் டாக்டர் அதைப் பார்த்து, திரை வழியாக நோயாளியிடமே பேசுவார். கண்ணாடி மட்டும் போதும் என்றால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சரி, கண்ணை விட்டுவிட்டு ரத்த அழுத்தத்துக்கு வருவோம். (பின்னால் நாய் குரைக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்து, 2018இல் வெளியான ஓர் ஆய்வு. இடம், கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் 52 முடிதிருத்தும் கடைகள். ஆட்கள், ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காத 319 பேர். கடைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் முடிதிருத்துபவரே வாடிக்கையாளரிடம், உணவைக் கவனியுங்கள், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னார். இன்னொரு பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கடைக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளந்தார். வாடிக்கையாளரின் டாக்டரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அங்கேயே மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 9 புள்ளி குறைந்திருந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி! இரண்டு பிரிவிலும் அதே மாதிரிக் கடை, அதே நம்பிக்கையான முகம். மருந்து எழுதும் அதிகாரம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். விழிப்புணர்வு ஊட்டுவது மருத்துவமனைக்குச் சுலபம், துண்டறிக்கை அடித்தால் முடிந்தது. தன் கையிலிருக்கும் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் கசக்கும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பச்சிளங்குழந்தையை எடை போடுவதோடு நிறுத்தவில்லை. கிருமித்தொற்றின் அறிகுறிகளைக் கண்டுபிடித்து, வீட்டிலேயே ஆன்டிபயாடிக் ஊசி போடும் வரைக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஊசியை டாக்டர் அல்லாதவர் கையில் கொடுப்பதா என்று எதிர்ப்பு எழக்கூடிய விஷயம் இது. ஆனால் 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது.

வீடு தேடிப் போனாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கேம்டன் நகரத்தில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளின் வீட்டுக்கே ஓர் அமைப்பின் செவிலியரும் சமூகப் பணியாளரும் போனார்கள். உலகமே அதைப் புகழ்ந்தது. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒழுங்காக ஆராய்ந்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இந்தக் கவனிப்பு கிடைத்த குழுவில் 62.3 சதவீதம், கிடைக்காத குழுவில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. உடல்நிலை மிக மோசமாக இருக்கும் நேரத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சில மாதங்களில் அவர் தானாகவே கொஞ்சம் தேறக்கூடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லையென்றால் அதை நம் சாதனை என்று எண்ணிக்கொள்வோம். இதை வெளிப்படையாக அறிவித்த அந்த அமைப்பின் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

உங்கள் சங்கமோ நண்பர் குழுவோ முகாம் நடத்தத் திட்டமிட்டிருந்தால், மருத்துவமனையோடு பேசும்போது தேதியையும் பேனரையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நோய் இருப்பதாகத் தெரிய வருபவரை யார் தொடர்ந்து கவனிப்பார்கள், யார் போன் செய்வார்கள், அவரோடு துணைக்குப் போவது யார், மூன்று மாதம் கழித்து மருந்து எங்கே கிடைக்கும்? இதற்குப் பெயர் பெயராகப் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் முகாமைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த காணொளியில் சந்திப்போம்.