ராஜராஜன் இலையில் தக்காளி ரசமா?

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ராஜராஜன் நாடகம் எங்காவது ஒன்று இருக்கும். பிள்ளைகள் ஆசையாக நடிக்கிறார்கள், நானும் ஆசையாகத்தான் போய் உட்காருகிறேன். என் வழக்கெல்லாம் அதை எழுதிக்கொடுக்கிற பெரியவர்களோடுதான்.

ஒரு நாடகத்தில் குடமுழுக்குக் காட்சி. பின்னால் தொங்கும் திரையில் பெரிய நந்தி. ராஜராஜன் அதற்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார். அப்புறம் விருந்து. வாழை இலையில் உருளைக்கிழங்குப் பொரியல், தக்காளி ரசம், தொட்டுக்கொள்ள மிளகாய் வற்றல். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010-இல். இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. சரி, நந்தியை விடுங்கள், சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கேரளக் கரைக்கு வந்தாரே, அதற்குப் பிறகுதான் அவை நம் அடுப்படிக்கு வந்தன. நேயர்களே, ராஜராஜன் மிளகாயைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை!

அப்படியானால் எதைத்தான் பரிமாறுவது என்பீர்கள். கோயில் மடைப்பள்ளிக்கு என்னென்ன போயிற்று என்று பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, புளி, உப்பு. மிளகு ரசம் வையுங்கள், நாடகம் ஒன்றும் கெட்டுப்போகாது.

ராமாயண நாடகத்துக்கும் இப்படிக் கணக்குப் பார்ப்பீர்களா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். மாட்டேன். காரணம் பெரிய கோயிலிலேயே இருக்கிறது. அங்கே கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் கண்டுபிடித்தவர் எஸ். கே. கோவிந்தசாமி. அதில் சுந்தரர் கல்யாணத்தைச் சிவபெருமான் தடுத்தாட்கொண்ட கதை இருக்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் ஓலையோடு சிவபெருமான் கிழவர் வேடத்தில் நிற்கிறார். சுந்தரர் ராஜராஜனுக்கு வெகுகாலம் முந்தியவர். ஆனால் சுற்றியிருப்பவர்களை அந்த ஓவியர் தன் காலத்து மனிதர்களாகத்தான் வரைந்திருக்கிறார். அது தப்பே இல்லை. புராணத்துக்கும் அடியார் கதைக்கும் ஒவ்வொரு காலமும் தன் உடுப்பைப் போட்டுப் பார்க்கும். ஆனால் திரை தூக்கும்போதே 'ஆண்டு 1010' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால், கல்வெட்டு சொல்வதைக் கேட்டாக வேண்டும். பார்க்கிற பிள்ளை அதை வரலாறாகத்தான் மனத்தில் வைத்துக்கொள்ளும்.

உடையையும் நகையையும் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். பசுபதிகோயில் பக்கத்தில் புள்ளமங்கைக் கோயில் இருக்கிறது. ராஜராஜனுக்குச் சற்று முந்தியது. அங்கே கையகலச் சிற்பங்களில் கொண்டை, காதணி, இடுப்புக் கச்சை எல்லாம் பார்க்கலாம். ஒத்திகை தொடங்குமுன் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். ஒப்பனை போடுகிறவரையும் மறக்காமல் கூட்டிப்போங்கள். வணக்கம்.