லுசாகாவில் ஒரு பெரம்பூர் வீடு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் ராயபுரத்தில் பிறந்து பெரம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் முப்பத்தேழு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். நான் பள்ளி ஆசிரியை. இருவரும் ஓய்வு பெற்றபின், 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் உள்ள ஜாம்பியா நாட்டுக்கு மிஷனெரிகளாகப் போனோம். அவருக்கு 63 வயது, எனக்கு 60. தலைநகர் லுசாகாவின் ஓரத்தில், ஒரு சிறிய சபையோடு இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தோம்.

எங்கள் ஊழியத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எத்தனை வீடுகள் சந்தித்தோம், எத்தனை கூட்டங்கள் நடத்தினோம் என்று மாதந்தோறும் அறிக்கை எழுதி அனுப்புவோம். அந்த அறிக்கையில் ஒருநாளும் எழுதாத ஒன்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அந்த ஊரில் எங்கள் நாள் எப்படிப் போனது என்பதை.

வடசென்னைக்கு மிஷனெரிகள் புதியவர்கள் அல்லர். ராயபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷன் கட்டிய ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். என் பாட்டி ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியின் வீட்டில் சமையலுக்கு இருந்தவர். அவர்கள் செய்த பிரசங்கம் எதுவும் பாட்டிக்கு நினைவில்லை. 'நாலு மணி ஆனால் துரையும் அம்மாவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் கோப்பையைத் தொடமாட்டார்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

லுசாகாவில் அதிகாலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவோம். நம் ஊரில் அப்போது மணி ஒன்பது. முதலில் ஜெபம், பிறகு இரத்த அழுத்த மாத்திரை, பிறகு தண்ணீர். நம் ஊரைப் போலவே குழாயடியில் வரிசையாக வாளிகள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே யாரிடம் என்ன கேட்பதானாலும் முதலில் 'மூலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரிக்க வேண்டும். பெரியவர்கள் முன் இரு கைகளையும் குவித்து மெல்லத் தட்டி, முழங்காலைச் சற்று மடக்கி வணங்குவார்கள். முதல் வாரம் அது தெரியாமல் நேரே விஷயத்துக்குப் போய்விட்டேன். யாரும் கோபிக்கவில்லை, ஆனால் முகங்கள் மூடிக்கொண்டன. அங்கே பேசும் நியாஞ்சா மொழியில் இந்த நலம் விசாரிப்பைத்தான் நான் முதலில் ஒழுங்காகக் கற்றேன். அதன்பின் கதவுகள் திறந்தன. என்னை 'அம்புயா' என்றார்கள். பாட்டி என்று அர்த்தம்.

சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் காசிமேட்டு வாசனை! குவியல் குவியலாகக் கபெண்டா என்ற பொடி மீன் கருவாடு. நம் நெத்திலிதான் என்று நினைத்தேன். நன்னீர் மீன். டாங்கனீக்கா ஏரியிலிருந்து கொண்டுபோய், 1960களில் கரிபா ஏரியில் விட்டு வளர்த்தது. பக்கத்தில் போண்ட்வே என்று ஒரு கீரைக்கட்டு. அது நம் முளைக்கீரைக்கு உறவு. பூசணிக் கொடியின் தளிர் இலையை நிலக்கடலைப் பொடி போட்டுக் கடைகிறார்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் ன்ஷிமாவைக் கையால் உருட்டித் தொட்டுக்கொள்கிறார்கள். ஆடி மாதம் கூழும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியச் சாப்பாடாகவே தெரியவில்லை.

அங்கே போன மூன்றாம் மாதம் வாசற்படியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. நாற்பது நாள் கட்டு. அதுவரை என் கணவர் தம் தட்டைத் தாமே எடுத்து வைத்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஷிப்டு முடிந்து வந்தவருக்குச் சோறு போடுவது என் வேலை என்று நானும்தான் நினைத்திருந்தேன். இப்போது அவர் சமைத்தார், துவைத்தார், என் தலையை வாரிப் பின்னலும் போட்டுவிட்டார். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய கை, மூன்று கால் எடுத்துப் பின்னப் பொறுமையாகக் கற்றுக்கொண்டது. குழாயடியில் பாத்திரம் தேய்க்கும் அவரைப் பார்க்கவே பிள்ளைகள் கூடினார்கள்.

பெண்கள் கூட்டத்தில் ஒருநாள் பைபிளில் வரும் ரூத்தின் சரித்திரத்தைப் படித்தோம். முடிந்ததும் ஒரு இளம் பெண் கேட்டாள்: 'அம்புயா, தாத்தா உங்களுக்காகச் சமைக்கிறாரே, அவருக்கு வெட்கமாக இல்லையா?' அவரையே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் வந்து, 'இவள் எனக்காக முப்பத்தைந்து வருஷம் செய்தாள். எனக்குத்தான் கணக்கு பாக்கி' என்றார். அன்று அங்கே நிலவிய அமைதியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கண்டதில்லை. அடுத்த வாரம் இரண்டு ஆண்கள் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பைபிளைப் பற்றிக் கேட்கவில்லை. என் கணவரோடு சேர்ந்து கீரை ஆய்ந்துவிட்டுப் போனார்கள்.

ஜாம்பியாவில் மிஷனெரி என்றால் எல்லாரும் சொல்லும் பெயர் டேவிட் லிவிங்ஸ்டன். 1873இல் அந்த மண்ணில்தான் இறந்தார். அவருடைய இதயத்தை அங்கேயே புதைத்தார்கள். அவருடைய மனைவி மேரியை யார் நினைக்கிறார்கள்? 1852இல் பிள்ளைகளோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தனித்திருந்து, திரும்பி வந்த கொஞ்ச காலத்திலேயே, 1862இல் ஜாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்துபோனார். மேரியின் பெற்றோரான மொஃபட் தம்பதியோ, தென்னாப்பிரிக்காவின் குருமானில் ஏறக்குறைய 50 ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்து, முதிர்ந்த வயதில்தான் ஊர் திரும்பினார்கள். லிவிங்ஸ்டனின் துணிவை மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் அந்தக் குருமான் வீட்டின் பக்கமே சாய்கிறது.

2019 நடுவில் மின்வெட்டு தொடங்கியது. ஜாம்பியாவின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். மழை பொய்த்துக் கரிபா அணையில் நீர் இறங்கிவிட்டது. எம்பாவுலா என்னும் கரி அடுப்பில் சமைத்தோம். அசல் குமுட்டி அடுப்பேதான்! பாட்டி கையில் விசிறியோடு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. அதே ஜூன் மாதம் சென்னையிலும் ஏரிகள் வற்றி, என் மகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றாள். மாலை நான்கரைக்கு, நம் ஊரில் இரவு எட்டு, அவள் பேசுவாள். இங்கே தண்ணீர் இல்லை என்பாள்; அங்கே கரண்டு இல்லை என்போம். அழுவோம். அவள் கஷ்டத்தில் பக்கத்தில் இல்லையே என்ற வேதனை எந்த ஜெபத்தாலும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. அந்த அழைப்புக்காக நாலு மணிக்கே இருவரும் வாசலில் டீயோடு உட்கார்ந்துவிடுவோம். பேச்சு இருக்காது. பாட்டி சொன்ன தாழ்வாரம் அப்போது எனக்குப் புரிந்தது.

இப்போது பெரம்பூரில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கிறது. லுசாகாவிலிருந்து அதே இளம் பெண். திருமணமாகிக் கையில் குழந்தையும் இருக்கிறது. முதலில் என்னிடம் நலம் விசாரிப்பாள், அவள் வீட்டுக்காரர் நலம் சொல்வாள், பிறகு தாத்தாவைக் கேட்பாள். போன வாரம் அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாங்கினார்.

'இன்றைக்கு என்ன சமையல்?' என்று கேட்டிருக்கிறாள்.

'போண்ட்வே' என்றார்.