வைக்கோலுக்குள் இருக்கும் கட்டு

(தோட்டங்களில் பால்மாடு வளர்ப்போர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தி, மாட்டுக்கு எளிதில் செரிக்கும் தீவனமாக்குவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வரிச்சுச் சுவர் கட்டிப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கம்பை நட்டு, கயிற்றால் கட்டி, மேலே மண் பூசுவோம். வைக்கோலின் கலச்சுவரும் அதே மாதிரிதான். கம்பு செல்லுலோஸ், மண் லிக்னின், இரண்டையும் பிணைக்கும் கயிறு ஹெமிசெல்லுலோஸ். காய்ந்த நெல் வைக்கோலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தக் கயிறுதான்.

ஹெமிசெல்லுலோஸ் என்பது 1891இல் எர்ன்ஸ்ட் சுல்ட்சே என்ற வேதியியலாளர் வைத்த பெயர். ‘ஹெமி’ என்றால் பாதி. அதற்காக இதை அரைகுறைச் செல்லுலோஸ் என்று எண்ணவேண்டாம். இது வேறு பொருள். செல்லுலோஸ் முழுக்கக் குளுக்கோஸ் கோத்த, கிளையில்லாத நீண்ட சங்கிலி. வைக்கோலின் ஹெமிசெல்லுலோஸில் சைலோஸ் என்னும் ஐந்து கார்பன் சீனி வரிசையாக நிற்கும். பக்கத்தில் அரபினோஸ் என்னும் இன்னொரு சீனி கிளைவிடும். அந்த அரபினோஸின் நுனியில் ஃபெருலிக் அமிலம் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பால் தொங்கும். அதன் மறுகை லிக்னினைப் பிடித்திருக்கும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சைலோஸ் சங்கிலியை வெட்டக்கூடியவை. ஆனால் லிக்னின் மறைத்து நிற்பதால் அவை கிட்டே போக முடிவதில்லை.

எஸ்டர் பிணைப்பு காரத்துக்கு இளகும். இளகினால் நுண்ணுயிர்கள் சங்கிலியைக் கிட்டப் போய் வெட்டலாம். அந்தக் காரத்தை யூரியாவிலிருந்தே எடுக்கலாம். ஈரம் பட்டதும் வைக்கோலிலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து, அமோனியா என்ற காரத்தைத் தரும்.

50 கிலோ வைக்கோலுக்கு 2 கிலோ யூரியா, 50 லீற்றர் தண்ணீர். யூரியா முழுதும் கரைய வேண்டும். வைக்கோலை ஓர் அடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து, அடுத்த அடுக்கைப் போடுங்கள். கடைசியில் பொலித்தீனால் மூடி, ஓரத்தை மண்ணால் அடையுங்கள். தண்ணீரைக் குறைத்தால் யூரியா உடையாமல் அப்படியே கிடக்கும். அதைத் தின்ற மாடு நஞ்சேறி விழும். கரைசல் மீந்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மூடிவைக்கும் நாள் கணக்கில்தான் மலையகத்தில் பலரும் தவறுகிறார்கள். கீழ்நாட்டு வெயிலில் ஏழு, பத்து நாளில் ஆகிற வேலை, சராசரி 16 பாகை செல்சியஸ் இருக்கும் நுவரெலியாவில் ஆகாது. நான்கு கிழமை விடுங்கள். பதுளைப் பக்கம் அதற்குக் குறைவாகப் போதும்.

திறக்கும்போது வைக்கோல் கபில நிறமாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தால் சரி. நெடியே இல்லாமல் வெள்ளையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. அந்தப் பகுதியை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழிக்குத் தள்ளுங்கள். நல்லதையும் முதல் நாள் மாலையே உதறிப் பரப்பி, காலையில் போடுங்கள். முதல் கிழமை பச்சைப் புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். அதன் இரைப்பை இன்னும் அதற்குத் தயாராகவில்லை.