இசைக்கு மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? 1985 கணினி ஒன்று பதில் வைத்திருக்கிறது!

(திரையில்: சாம்பல் நிறக் கணினி ஒன்று. அதில் இரண்டு வட்டத் துளைகள்.)

இந்தக் கணினி 1985 இல் சந்தைக்கு வந்தது. பெயர் அடாரி எஸ்டி. வேகம் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் இப்போது இந்த வீடியோவைப் பார்க்கும் போன் அதைவிடப் பல நூறு மடங்கு வேகமானது. ஆனாலும் தாளம் பிசகாமல் ஸ்வரங்களை அனுப்புவதில் இந்தப் பழைய பெட்டியை அடித்துக்கொள்ள முடியாது என்று சொல்லும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம் என்று புரிந்துவிட்டால், இசையமைக்க எந்தக் கணினி வாங்குவது என்ற கேள்வியில் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

வணக்கம் நண்பர்களே. மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் முழு ஆல்பம் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். அதில் சண்டை வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: இரண்டு வட்டத் துளைகள், அருகில்.)

அந்த இரண்டு துளைகள்தான் மிடி துளைகள். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி மிடி. 1983 இல் பொது விதியாக வந்தது. அதில் ஒலி போகாது. எந்த விசை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டீர்கள், இவ்வளவுதான் போகும். மற்ற கணினிகளில் மிடி வேண்டுமானால் தனியாக ஒரு கருவி வாங்கிச் செருக வேண்டியிருந்த காலத்தில், அடாரி எஸ்டி அதை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வந்தது. ஜெர்மனியில் இரண்டு நிறுவனங்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த இசை மென்பொருள் கியூபேஸ். சி-லேப் கொண்டுவந்தது கிரியேட்டர், அப்புறம் நோட்டேட்டர். இந்த இரண்டாவது குடும்பத்தின் வாரிசுதான் இன்றைய லாஜிக். அந்தக் கதைக்குத் திரும்பி வருவேன், அதில் ஒரு அதிர்ச்சி இருக்கிறது.

சரி, 8 மெகாஹெர்ட்ஸில் எப்படித் தாளம் பிடித்தது? அந்தக் கணினி ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலைத்தான் ஓட்டும். பின்னால் வைரஸ் சோதனை கிடையாது. வைஃபை கிடையாது. திடீரென்று எழுந்து அப்டேட் தேடும் எதுவும் கிடையாது. இசை நிரல் ஓடினால் அதுதான் ராஜா. குறுக்கே பேச ஆள் இல்லை. மிடி துளைகளும் நேரடியாக உள்ளே இணைந்திருந்தன, நடுவில் யுஎஸ்பி இல்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மிடி கம்பியில் ஒரு நொடிக்கு 31,250 பிட்கள் மட்டுமே போகும். ஒரு ஸ்வரத்தை அனுப்ப ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டு பிடிக்கும். பத்து விரல்களாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால், பத்தும் வரிசையில் நின்றுதான் போயாக வேண்டும். சுருக்கி அனுப்பும் வழி ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தாவிட்டால் கடைசி ஸ்வரம் முதல் ஸ்வரத்துக்கு எட்டு மில்லிசெகண்டுக்கு மேல் பிந்திப் போய்ச் சேரும். அப்படியும் அந்தக் காலத்துப் பாட்டுகள் தாளத்தில் கச்சிதமாக நிற்கின்றன. ஏனென்றால் தாமதம் ஒரே அளவாக இருந்தால் கையும் காதும் அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு அடிக்கு 3, அடுத்த அடிக்கு 11, அதற்கடுத்து 5 என்று குதித்தால் எந்த வாத்தியக்காரராலும் பழக முடியாது.

ஆக, இசைக்கு வேகமான கணினியைவிட நேரம் தவறாத கணினிதான் முக்கியம். கடைக்காரர் கிகாஹெர்ட்ஸ் சொல்வார். நீங்கள் இதைக் கேளுங்கள்.

(திரையில்: நேராகப் போகும் ஒலி அலை, நடுவில் ஒரு வெட்டு.)

இன்றைய கணினியில் நேரம் தவறுவது எப்படி நடக்கிறது? கணினிக்குள் ஒலி என்பது சாம்பிள் எனும் அளவு எண்களின் வரிசை. அது ஒவ்வொரு சாம்பிளாக வெளியே போவதில்லை, கட்டுக்கட்டாகப் போகிறது. அந்தக் கட்டுக்குத்தான் பஃபர் என்று பெயர். இரண்டு குடங்களை வைத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நிரம்பியாக வேண்டும். நிரம்பவில்லை என்றால் தண்ணீர் அறுந்துவிடும். ஒலியில் அந்த அறுபடல்தான் நீங்கள் கேட்கும் "டிக்", "கரகர". பெரிய குடம் என்றால் நிரப்ப நேரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் நீங்கள் வாசித்தது காதுக்கு வரத் தாமதமாகும். சின்னக் குடம் என்றால் உடனே கேட்கும், ஆனால் கணினிக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

எண்ணாகவே பார்ப்போம். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற அமைப்பில், பஃபர் 128 என்றால் ஒரு கட்டுக்கு 2.7 மில்லிசெகண்டு. 1024 என்றால் 21 மில்லிசெகண்டு. மைக்கில் பாடி உங்கள் குரலை ஹெட்போனில் கேட்கிறீர்கள் என்றால், உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக ஒரு கட்டு. எனவே குறைந்தது இரட்டிப்பு. அதற்கு மேல் இன்டர்ஃபேஸும் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) டிரைவரும் (அந்தப் பெட்டியோடு கணினி பேச உதவும் நிரல்) தங்கள் பங்குக்குச் சேர்க்கும்.

இந்த மில்லிசெகண்டு எல்லாம் எவ்வளவு என்று மனதில் பதிய ஒரு வழி இருக்கிறது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிசெகண்டு என்றால் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது மேடையில் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்ஸ், எந்தக் கணினியும் நடுவில் இல்லாமலேயே, 10 மில்லிசெகண்டு பிந்தித்தான் உங்கள் காதுக்கு வருகிறது. நாம் வாழ்நாள் முழுக்க இந்தத் தாமதத்தோடு வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்! பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு ஓரங்களில் இருப்பவர்களுக்கு நடுவே பத்து மீட்டருக்கு மேல் இருக்கும், அவர்களுக்கு இது 30 மில்லிசெகண்டைத் தாண்டும். அதனால்தான் அவர்கள் காதை மட்டும் நம்பாமல் நடத்துநரின் கையைப் பார்த்து வாசிக்கிறார்கள். இது தெரிந்த பிறகு, "6 மில்லிசெகண்டா, 4 மில்லிசெகண்டா" என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளில் எனக்கு ஆர்வமே போய்விட்டது. கீபோர்டு வாசிக்க மொத்தம் 10க்குள் வந்தால் தாராளம். பாடகருக்கு மட்டும் இன்னும் குறைவாக வேண்டும், ஏனென்றால் தன் குரல் எலும்பு வழியாகவும் உடனே கேட்டுவிடுகிறது, இரண்டும் கலந்து குழப்பும். அதற்கும் வழி உண்டு. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்ற வசதி இருக்கும். குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வந்துவிடும்.

இப்போது மூன்று பேரையும் வரிசையில் நிறுத்துவோம்.

விண்டோஸ். இதன் சொந்த ஒலி அமைப்பு, ஸ்டூடியோ வேலையை மனதில் வைத்துக் கட்டியது அல்ல. அதைச் சுற்றிப் போவதற்காகத்தான் ஸ்டைன்பெர்க் 1997 இல் ஆசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. இன்றுவரை விண்டோஸில் இசை என்றால் ஆசியோதான். எனவே விண்டோஸில் உங்கள் அனுபவம் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இன்டர்ஃபேஸ் நிறுவனம் எழுதிய ஆசியோ டிரைவரைப் பொறுத்தது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செயலி 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, ஆனாலும் கரகரக்கிறது என்று பலர் குழம்புவார்கள். குற்றவாளி பெரும்பாலும் வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ. அது இரண்டு மில்லிசெகண்டு செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும், குடம் நிரம்பாது. சராசரி சதவீதம் இதைக் காட்டவே காட்டாது. லேட்டன்சிமான் என்ற இலவச நிரலை ஓட்டிப் பாருங்கள், எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லும். வைஃபையை அணைத்து, மின்சேமிப்பு அமைப்பை மாற்றினாலே பல கணினிகள் சரியாகிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆர்ம் என்ற, போன்களில் இருக்கும் வகைச் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் வருகின்றன. பேட்டரி அருமையாக நிற்கும். பழைய நிரல்களையும் மாற்றி ஓட்டிக்கொள்ளும். ஆனால் டிரைவரை அப்படி மாற்றி ஓட்ட முடியாது. உங்கள் இன்டர்ஃபேஸுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மேக். கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தனி டிரைவர் கேட்காத வகை இன்டர்ஃபேஸ் என்றால் செருகியதும் பாடும். 2020 இறுதியில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் முதல், சத்தமில்லாமல் வேலை செய்யும் லேப்டாப்பும் கிடைத்துவிட்டது. மேக்புக் ஏரில் அந்த எம்1 முதல் விசிறியே கிடையாது. படுக்கையறையில் மைக் வைத்துப் பதிவு செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் பேசுவதில்லை. மெல்லிய குரலில் ஒரு தாலாட்டைப் பதிவு செய்யும்போது பின்னால் விசிறி இரைந்தால் தெரியும்.

குறை என்ன? ரேமை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு கூட்ட முடியாது. அப்புறம், ஆப்பிள் பழையதைத் தயங்காமல் வெட்டிவிடும். 2019 இல் வந்த கேட்டலினா என்ற மேக் சிஸ்டம் பதிப்பு, 32 பிட் எனும் பழைய வகை நிரல்களை அடியோடு நிறுத்தியது. அதுவரை ஓடிய எத்தனையோ பிளகின்கள் (இசை மென்பொருளுக்குள் செருகும் துணை நிரல்கள்) அன்றோடு முடிந்தன. நிறுவனம் மூடிப்போய், புதுப்பிக்க ஆளே இல்லாத பிளகின்களும் அதில் உண்டு. விண்டோஸ் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

லினக்ஸ். இதற்கு ஒரு நல்ல செய்தி. நேரம் தவறாமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற மாற்றம், ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2024 இல் 6.12 பதிப்பில் மைய லினக்ஸில் சேர்ந்துவிட்டது. ரீப்பர், பிட்விக், ஆர்டோர் என்ற இசை மென்பொருள்கள் மூன்றும் இதில் நேரடியாக ஓடும். ஆனால் பெரிய சாம்பிள் நூலகங்கள் (வாத்தியங்களின் ஒலியைப் பதிவு செய்து வைத்த தொகுப்புகள்) பலவற்றுக்கு அடிப்படையான கான்டாக்ட் என்ற நிரலுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. சுற்றுவழிகள் உண்டு, அவற்றோடு மல்லுக்கட்டப் பிடித்தவர்களுக்கு மட்டும்.

(திரையில்: லாஜிக் திரை.)

இப்போது அந்த அதிர்ச்சிக் கதை. சி-லேப் ஆட்கள் பிறகு ஈமேஜிக் என்ற நிறுவனம் ஆனார்கள். அவர்களின் லாஜிக் மேக்கிலும் ஓடியது, விண்டோஸிலும் ஓடியது. 2002 இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. விண்டோஸில் லாஜிக்கை வைத்துப் பிழைத்தவர்கள் ஒன்று கணினியை மாற்ற வேண்டும், இல்லை மென்பொருளை மாற்ற வேண்டும் என்ற நிலை. எதிர்த்திசையிலும் இப்படி ஒன்று உண்டு. எஃப்எல் ஸ்டூடியோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விண்டோஸுக்கு மட்டுமே இருந்து, 2018 இல்தான் மேக்குக்கு வந்தது.

அதனால் என் கருத்து இதுதான்: முதலில் மென்பொருளை முடிவு செய்யுங்கள், அடுத்து இன்டர்ஃபேஸ், கணினி கடைசியில். லாஜிக்தான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, மேக். ஏபிள்டன், கியூபேஸ், எஃப்எல், புரோ டூல்ஸ் என்றால் மேக், விண்டோஸ் இரண்டில் எதுவும். ரீப்பர், பிட்விக் என்றால் மூன்றில் எதுவும். நான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவான மென்பொருளைத்தான் பரிந்துரைப்பேன். பத்து ஆண்டுப் பாட்டுகள் ஒரே நிறுவனத்தின் முடிவில் தொங்கிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு ஆட்களோடு சேர்ந்து வேலை செய்பவர் என்றால் அவர்கள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே இருங்கள்.

செயலி: ஒரு டிராக்கில் (ஒரு வாத்தியத்துக்கோ குரலுக்கோ உரிய தனிப் பதிவு) வரிசையாகப் போட்ட பிளகின்களைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எனவே பதினாறு கோர் என்று மயங்காதீர்கள், ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொட்ட வேண்டாம். ரேம் 16 ஜிபி. ஆர்கெஸ்ட்ரா நூலகங்கள் என்றால் 32இலிருந்து தொடங்குங்கள், எஸ்எஸ்டி கட்டாயம். ஏனென்றால் அந்த நூலகங்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, நீங்கள் விசையை அழுத்திய பிறகு மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து ஓடி ஓடி எடுத்து வருகின்றன. வயலின் ஒலிக்கத் தொடங்கிவிட்டது, அதன் வால் இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது! இந்த மாதிரி வேலைக்கு ரேமை நீங்களே கூட்டிக்கொள்ளக்கூடிய விண்டோஸ் மேசைக் கணினியைத்தான் நான் சொல்வேன். பாடகர், கிதார், லேப்டாப், ஊர் ஊராகப் பயணம் என்றால் மேக்.

எதை வாங்கினாலும், புதிய சிஸ்டம் பதிப்பு வந்த அன்றே அப்டேட் செய்யாதீர்கள். இன்டர்ஃபேஸ் நிறுவனமும் பிளகின் நிறுவனங்களும் பச்சைக்கொடி காட்டும்வரை காத்திருங்கள். பாதிப் பாட்டில் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள்.

வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் மூன்றே விவரங்களைக் கமெண்டில் எழுதுங்கள்: மென்பொருள் பெயர், இன்டர்ஃபேஸ் மாடல், ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ எத்தனை டிராக். அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, எந்த அமைப்பு பொருந்தும் என்று அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஏற்கெனவே கரகர சத்தத்தோடு போராடிக்கொண்டிருப்பவர்கள் லேட்டன்சிமான் காட்டிய டிரைவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், அதே டிரைவரைச் சரிசெய்த யாராவது கீழே நிச்சயம் பதில் சொல்வார்கள்.