களிமண்ணும் வாய் திறந்ததே!

(பட்டிமன்றத் தலைப்பு: 'மனித வாழ்வைத் தீர்மானிப்பது தேவனுடைய முன்குறிப்பா, மனிதனுடைய சுயசித்தமா?' முன்குறிப்பு என்றால், நடப்பதையெல்லாம் தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்பது. இது 'சுயசித்தமே' அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, பெஞ்சில் இடமில்லாமல் பாயில் உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

அண்ணன் இரண்டு பேரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போனார். ஒருவன் எகிப்து ராஜா பார்வோன், இன்னொருவன் வேதத்தில் வரும் குயவன். 'பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார், அவன் என்ன செய்வான் பாவம்' என்றார். 'குயவன் கையில் இருக்கிற களிமண்ணுக்கு ஏது விருப்பம்' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. சரி, இப்போது அந்தச் சாட்சிகளைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

முதலில் பார்வோன். யாத்திராகமம் 8-ஆம் அதிகாரம். இஸ்ரவேலரைப் போகவிட மறுத்த அவன்மேல் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகளில் இது இரண்டாவது. படுக்கையில் தவளை, அடுப்பில் தவளை, மாவு பிசைகிற தொட்டியில் தவளை. ராஜா மோசேயைக் கூப்பிட்டு, 'இதுகளை நீக்கச் சொல்லி உன் தேவனிடம் வேண்டிக்கொள்' என்கிறான். 'எப்போது வேண்டிக்கொள்ளட்டும், நேரத்தை நீரே சொல்லும்' என்கிறார் மோசே. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'இந்த நிமிஷமே ஐயா!' பார்வோன் சொன்னான், 'நாளைக்கு.' தவளைகளோடு இன்னொரு ராத்திரி படுத்துக்கொள் என்று அவனை யார் முன்குறித்தது?

தவளை ஒழிந்ததும் பார்வோன் 'தன் இருதயத்தைக் கடினப்படுத்தி'னான் என்கிறது வேதம். நாலாவது வாதையில் வண்டுகள் போனதும் மறுபடி அவனேதான். வாதைகளுக்கு நடுவில், 'கர்த்தர் கடினப்படுத்தினார்' என்ற வார்த்தை முதலில் வருவது ஆறாவது வாதையில்.

'மோசேயை அனுப்பும்போதே, 4-ஆம் அதிகாரத்திலேயே, அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லிவிட்டாரே' என்பார்கள். சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் எட்டாவது வாதைக்கு முன்னால் அதே கர்த்தர் அவனிடம் என்ன கேட்கிறார்? 'உன்னைத் தாழ்த்த நீ எதுவரைக்கும் மனதில்லாதிருப்பாய்?' மனதே இல்லாத பொம்மையிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா ஐயா?

அடுத்து குயவன். ரோமர் 9-இல் பவுல் சொல்லும் குயவனை அண்ணன் காட்டினார். அவன் கடை எரேமியா 18-இலும் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள். பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் தூக்கி எறியவில்லை, வேறு பாண்டமாக வனைகிறான். உடனே கர்த்தர் விளக்கமும் தருகிறார்: ஒரு ஜாதியை அழிப்பேன் என்று நான் சொல்லியிருந்தும் அது மனந்திரும்பினால், நானும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். 12-ஆம் வசனத்தில் களிமண்ணே வாய் திறக்கிறது. 'முடியாது, நாங்கள் எங்கள் யோசனைப்படியே நடப்போம்' என்று யூதா ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். களிமண்ணுக்கு ஏது விருப்பம் என்று கேட்டாரே அண்ணன், இதோ!

சரித்திரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நெதர்லாந்தில் அர்மினியுஸ் என்ற பேராசிரியர் 1609-இல் இறந்தார். அவர் வழியில் வந்தவர்கள் மறு வருஷம் ஐந்து குறிப்புகளோடு ஒரு மனு கொடுத்தார்கள். தேவ கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்பது அதில் ஒன்று. அதை விசாரிக்க டோர்ட் நகரில் 1618, 1619-இல் பெரிய ஆலோசனைச் சங்கம் கூடியது. முன்குறிப்பை நம்பிய அந்தச் சங்கம் 'தவறு' என்று தீர்ப்புச் சொன்னது. அர்மினியுஸ் வழியில் நின்ற ஏறக்குறைய 200 போதகர்களுக்கு வேலை போயிற்று. எல்லாம் முன்னமே குறிக்கப்பட்டதுதான் என்றால், அந்த 200 பேரும் குறித்தபடிதானே பேசினார்கள்? அப்புறம் எதற்கு ஐயா தண்டனை?

அவ்வளவு தூரம் ஏன், நம் வீட்டுக்கு வருவோம். சம்பந்தம் பேசப் போகிறோம். நகைப் பேச்சு ஐம்பது பவுனில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. வெளியே வந்து என்ன சொல்கிறோம்? 'ஜெபித்துப் பார்த்தோம் பிரதர், கர்த்தருக்குச் சித்தமில்லை.' நம் கணக்குக்குக் கர்த்தரைக் கையெழுத்துப் போட வைக்கிறோம்!

உடனே 'இவர்கள் பெலாகியு என்ற பழைய போதகரின் ஆட்கள்' என்று எதிரணி சொல்லக்கூடும். கிருபையின் உதவி இல்லாமலே மனிதன் நன்மை செய்துவிடலாம் என்ற அந்தப் போதனையை கார்த்தேஜ் சங்கம் 418-லேயே தள்ளிவிட்டது. நாங்களும் தள்ளுகிறோம். முதலில் கை நீட்டுகிறவர் தேவன்தான். பிடிப்பதா, தட்டிவிடுவதா என்பது மட்டும் நம்மிடம்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு வசனம். மத்தேயு 23. எருசலேமைப் பார்த்து இயேசு சொல்கிறார்: கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழே சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தரமோ 'மனதாயிருந்தேன்; உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று.' லூக்கா 19-இல் அதே நகரத்தைப் பார்த்து அழுகிறார். அந்த ஜனங்களுக்கு மனதில்லாமல் போனதும் அவர் முன்பே எழுதி வைத்ததுதான் என்றால், எழுதியவர் ஏன் அழுதார்? எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி அக்கா இதற்குப் பதில் சொல்லட்டும்.