ஒரு மூட்டை தானியமும் தேச சேவைதான்

(அமெரிக்காவில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பெற்றோர்களே, ஆசிரியர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து தொடங்குகிறேன். உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் வயதான பெண்மணிகள் நாலைந்து பேர். ஒவ்வொருவர் மார்பிலும் நீல வெள்ளை நாடா, அதில் வரிசையாகப் பொன்னிற வில்லைகள். அவர்களில் ஒருவர் என் கையில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்தார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். அந்த ஊரில் அதுவரை யாரும் என்னை அப்படி வரவேற்றதில்லை.

அவர்கள் யார் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், அதாவது அமெரிக்கப் புரட்சியின் மகள்கள், சுருக்கமாக டி.ஏ.ஆர். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியவர்களின் நேரடி வாரிசுகளான பெண்கள் நடத்தும் சங்கம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் உறுப்பினராக முடியும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிளைகள் உண்டு.

இதன் தொடக்கக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1889-இல் புரட்சியின் மகன்கள் என்று ஆண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் பெண்களுக்கு இடமில்லை. மேரி லாக்வுட் என்ற எழுத்தாளருக்குக் கோபம் வந்தது. 1890 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு எழுதினார். அதில் அவர் சொன்னது ஹன்னா ஆர்னெட் என்ற நியூ ஜெர்சிப் பெண்ணின் கதை. 1776-இல் போர் தோற்றுவிடும் போலிருந்தது. சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்று ஆங்கிலேயர்கள் அறிவித்திருந்தார்கள். அதை ஏற்கலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் ஹன்னாவின் வீட்டில் கூடிப் பேசினார்களாம். ஹன்னா அந்த அறைக்குள் நுழைந்து, நீங்கள் நாட்டைக் கைவிட்டால் நான் உங்களோடு வாழமாட்டேன் என்று கணவரிடம் சொன்னாராம். கூட்டம் மனம் மாறியது என்கிறது கதை. இவளைக் கௌரவிக்க உங்கள் சங்கத்தில் இடமில்லையா என்று கேட்டார் லாக்வுட். அதே ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி டி.ஏ.ஆர். பிறந்துவிட்டது. அதன் முதல் தலைவி அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி கேரலைன் ஹாரிசன்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இந்தச் சங்கம் யாரைத் தேசபக்தர் என்று ஏற்கிறது தெரியுமா? துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். படைக்குத் தானியம் கொடுத்த விவசாயி உண்டு, மாடு கொடுத்தவர் உண்டு. காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர், ஊர்க்குழுவில் வேலை செய்தவர், புதிய நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டவர் எல்லாருமே அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் கொடுத்த ஒரு மூட்டை தானியத்துக்கு ரசீது கிடைத்தால் போதும், அவருடைய வாரிசுக்குக் கதவு திறக்கும். சின்ன உதவியையும் மறக்காமல் எழுதி வைக்கும் அந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கதவு ஒரு காலத்தில் சிலருக்குத் திறக்கவே இல்லை. அதை மறைத்துவிட்டு இவர்களைப் பற்றிப் பேசக்கூடாது. வாஷிங்டனில் இவர்களுக்குக் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்று ஒரு பெரிய அரங்கம் உண்டு. 1939-இல் அங்கே பாட மாரியன் ஆண்டர்சனுக்கு அனுமதி மறுத்தார்கள். உலகமே கொண்டாடிய பாடகி. கறுப்பினப் பெண் என்பதுதான் காரணம். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். அந்த ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று மாரியன் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். அந்த வெட்கம் சங்கத்தின் மேல் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒட்டவும் வேண்டும். நாலு வருஷம் கழித்து அதே அரங்கத்தில் அவர் பாடினார். 1977-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கரென் பேச்சலர் என்ற கறுப்பினப் பெண் தன் வம்சாவளியை நிரூபித்து உறுப்பினரானார். 2008-இல் விடுதலைப் போரில் பங்கெடுத்த கறுப்பின மக்கள், பூர்வகுடிகள் 6,600-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்து இந்தச் சங்கமே ஒரு நூல் வெளியிட்டது. பட்டியலில் விட்டுப்போன பெயர்களைத் திரும்ப எழுதுவது தாமதமாக நடந்தாலும் நடக்க வேண்டிய வேலை.

சரி, நமக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? என் முப்பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் நின்றவர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அவர் நெல் கொடுத்ததில்லை. நான் உறுப்பினராக வழியே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளைப் பாராட்ட அவர்கள் வம்சாவளி கேட்பதில்லை, செயலைக் கேட்கிறார்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

1934 முதல் குட் சிட்டிசன்ஸ் என்று ஒரு திட்டம் நடத்துகிறார்கள். ஹைஸ்கூல் கடைசி வகுப்பிலிருந்து, பள்ளிக்கு ஒரு மாணவர். பார்க்கிற குணங்கள் நான்கு: நம்பகம், சேவை, தலைமை, தேசப்பற்று. முதலில் நம்பகத்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! வருகிறேன் என்று சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது. இன்று காலை விழா தொடங்கும் முன்னே வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைப் போட்ட பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள். சனிக்கிழமைதோறும் சின்னக் குழந்தைகளுக்கு அ, ஆ சொல்லித்தருவதும் அவர்கள்தான். அதெல்லாம் சேவைக் கணக்கில் வருமா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். வரும் தம்பி, கட்டாயம் எழுது. அந்தத் தானிய மூட்டைக்குக் கிடைத்த ரசீதைப் போல அதுவும் ஒரு ரசீது.

இந்தத் திட்டத்தில் போட்டிக்குப் போகிறவர்கள் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். ஒரே அமர்வு, இரண்டு மணி நேரம். புத்தகமோ குறிப்போ வைத்துக்கொள்ளக்கூடாது, யாரும் உதவக்கூடாது. பெற்றோர்களே, இதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை, நிம்மதியாகக் காபி குடிக்கலாம். ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுக் கட்டுரைப் போட்டி தனியாக நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தலைப்பு மாறும். அதற்கு நூலகத்தில் உட்கார்ந்து தேடத்தான் வேண்டும். அதில் ஜெயித்தவர்களை உள்ளூர்க் கிளையே கூப்பிட்டுக் குடும்பத்தின் முன்னால் சான்றிதழ் கொடுக்கும். கைதட்டுகிறவர்கள் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்தக் குழந்தையின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்ட ஒரு பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். நம் பெயர்களின் நீளம் உங்களுக்கே தெரியும். அவர் தப்பில்லாமல் சொன்னார்.

இவை தவிர ஊருக்கு ஊர் வேலை இருக்கிறது. பழைய வீரர்களின் கல்லறைகளைத் தேடிக் குறியிடுகிறார்கள், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் தொண்டு செய்கிறார்கள். புதிதாகக் குடியேறுகிறவர்களுக்காக 1921-லிருந்து குடியுரிமைக் கையேடு போட்டிருக்கிறார்கள். பல மொழிகளில் வந்த கையேடு அது. எனக்குக் கொடி கொடுத்த கை அந்த வரிசையில் வந்த கைதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அமெரிக்க அரசியல் சட்டம் 1787 செப்டம்பர் 17-இல் கையெழுத்தானது. அந்த நாளிலிருந்து ஒரு வாரம் அரசியல் சட்ட வாரம். இதற்காக அரசிடம் மனுப்போட்டவர்கள் இந்தச் சங்கத்துப் பெண்கள்தான். 1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். அந்த 17-ஆம் தேதி கிழக்கு நேரப்படி மாலை 4 மணிக்கு நாட்டின் பல ஊர்களில் மணி அடிப்பார்கள். தேவாலய மணி, பள்ளி மணி, கைமணி எல்லாம். நம் பள்ளி அலமாரியில் பொங்கல் விழாவுக்கு வாங்கின ஒரு பித்தளை மணி இருக்கிறது. இந்த செப்டம்பரில் அதை எடுத்துக்கொண்டு உள்ளூர்க் கிளையினரோடு போய் நிற்க நான் பேசி வைத்திருக்கிறேன். வரவிரும்பும் பிள்ளைகள் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். முழுப்பெயராக எழுதுங்கள்.